ஜென்டில்மென் புல்ஸும் ஒரு மர ஸ்கேலும்

லார்க்ஃபீல்டில் யாராவது வந்து ட்வைலா ரோமன்சுக்கைப் பார்க்க வேண்டும் என்றால், பஸ்ஸுக்கா பேப்பருக்கா என்றுதான் நான் முதலில் கேட்பேன். காலையிலும் மாலையிலும் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையான 'எக்கோ'வின் விளையாட்டுப் பக்கத்தை எழுதுகிறாள். எழுதுவது ஐஸ் அரங்கத்துக்குள் இருக்கும் என் கேன்டீனில், ஆடுகளத்தின் கண்ணாடியை ஒட்டிய மூலை மேஜையில். பத்திரிகை அலுவலகத்தில் ஹீட்டர் சரியில்லை என்பாள். நான் செய்கிற பெரோகி, அந்த உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டைதான் உண்மையான காரணம் என்பது எனக்குத் தெரியும்.

ஆள் குட்டை. குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் போகும். ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் ஒரு மர ஸ்கேல் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஸ்கேலால்தான் போன குளிர்காலம் முழுக்க ஊர் ரெண்டுபட்டது.

அதை ஆரம்பித்து வைத்தவர் 'எக்கோ'வின் முதலாளி க்ளென் ஈஸ்ஃபெல்ட். நல்ல மனிதர். ஆனால் நல்ல யோசனை ஒன்று தோன்றினால் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அக்டோபரில் மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். விளையாட்டுப் பக்கங்களில் பெண்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது என்று அங்கே யாரோ உறைக்கிற மாதிரி பேசியிருக்கிறார்கள். திரும்பி வந்து தன் பத்திரிகையையே புரட்டிப் பார்த்திருக்கிறார். முந்தைய குளிர்காலத்தில் எங்கள் பெண்கள் ஹாக்கி அணியைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் வந்திருந்தது. அதுவும் அவர்கள் கேக் விற்ற செய்தி.

"இனிமே பாதிப் பக்கம் பொம்பளைங்களுக்கு," என்று என் கேன்டீனில் நின்று அறிவித்தார். "ஏப்ரல் வரைக்கும் ஓடட்டும். நான் வந்து முடிவு பண்றேன்." அடுத்த வாரம் மனைவியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். முழங்கால் வலிக்காரர்கள் குளிருக்குப் பயந்து நவம்பரில் அரிசோனா வெயிலுக்குப் போய் ஏப்ரலில் பழுப்பேறித் திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அவர் சொன்னது ஒரு பேச்சுக்கு. ட்வைலா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கடைக்குப் போய் ஒரு மர ஸ்கேல் வாங்கினாள். எழுத்து, படம், தலைப்பு என்று எல்லாவற்றையும் அளந்தாள். ஆண்களுக்கோ பெண்களுக்கோ துளி கூடினாலும் வெட்டினாள்.

"ஏப்ரல்ல க்ளென் வந்து இது வேண்டாம்னு சொன்னா, பக்கத்தையும் அவர் கையிலயே குடுத்துட்டுப் போயிடுவேன் பெர்னிஸ்," என்று என்னிடம் சொன்னாள். "எனக்கு பஸ் போதும்."

சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவள். ஆட்டம் முடிந்த கையோடு மூலை மேஜையில் குனிந்து எழுதும்போது அவள் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். பஸ் அவளுக்குப் போதாது.

முதல் இதழ் வந்த புதன்கிழமையை மறக்க முடியாது. எங்கள் ஆண்கள் அணியின் பெயர் லார்க்ஃபீல்ட் புல்ஸ். பெண்கள் அணிக்கு லேடி புல்ஸ் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் எல்லோரும் பரம்பரையாக மாடு வளர்க்கிறவர்கள். காளைக்கும் பசுவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. ஆனாலும் லேடி காளை என்று ஒரு பிராணி எப்படி இருக்க முடியும் என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ட்வைலாவும் கேட்கவில்லை. பெரிய எழுத்தில் தலைப்பு மட்டும் போட்டாள்: "ஆண்கள் ஹாக்கி: ஜென்டில்மென் புல்ஸ் தோல்வி."

என் ஜன்னலோர மேஜையில் காலை பத்து மணிக்கு ஓய்வுபெற்ற விவசாயிகள் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் எல்மர் ஃப்ரீசன். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அன்றைக்குப் பேப்பரைப் பிரித்ததுமே தொப்பி இறங்கிவிட்டது.

"ஏம்மா ட்வைலா, இதென்ன ஆண்கள் ஹாக்கி? ஹாக்கின்னா ஹாக்கி."

"பொம்பளைங்க ஆடினா பெண்கள் ஹாக்கின்னு போடுறோம்ல," என்றாள் ட்வைலா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "படிக்கிறவங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது பாருங்க."

"யாருக்கு வரப்போகுது குழப்பம்? சரி, ஜென்டில்மென் எதுக்கு?"

"அவங்க லேடின்னா இவங்க ஜென்டில்மென். சனிக்கிழமை இவங்க போட்ட சண்டையைப் பார்த்தா எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். இருந்தாலும் மரியாதை குடுப்போமே."

மேஜையில் இரண்டு பேர் காப்பிக் கோப்பையில் முகத்தை மறைத்துச் சிரித்துவிட்டார்கள். எல்மர் அவர்களை முறைத்தார்.

"இதைக் கேளு. விளையாட்டுல எதுக்கு இட ஒதுக்கீடு? கோலைப் பாதியாப் பிரிச்சுக் குடுப்பியா? ஜனம் எதைப் பார்க்க வருதோ அதைப் போடு. சனிக்கிழமை ராத்திரி பசங்க ஆட்டத்துக்கு நிக்க இடமில்ல. ஞாயித்துக்கிழமை இவங்க ஆடும்போது உள்ள ஈ காக்கா கிடையாது."

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஆடுறாங்க?"

"காலையில பத்துக்கு."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

எல்மர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "சர்ச்ல."

"ஊரே சர்ச்ல இருக்கிற நேரமாப் பார்த்து ஆட்டத்தை வச்சுட்டு, ஊரு வரலைன்னா எப்படி?"

எல்மர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போனை எடுத்து, அரிசோனாவுக்கே கேட்கிற சத்தத்தில் க்ளென்னிடம் முறையிட்டார். ஏப்ரலில் பேசிக்கொள்ளலாம் என்று க்ளென் வைத்துவிட்டார். அதற்கப்புறம் வாரா வாரம் அந்த போன் போனது. என் கேன்டீனுக்கு வருமானம் சனிக்கிழமை ராத்திரியில்தான் என்பதால், எனக்கும் எல்மர் பேசுவதில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. மீதிப் பாதி எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரம் டார்சி வந்தான். ட்வைலாவின் கூடப்பிறந்த தம்பி, புல்ஸ் அணிக்குக் கோச்.

"அக்கா, அந்த ஜென்டில்மென்னை எடுத்துடேன்."

"ஏன்டா, நல்ல வார்த்தைதானே?"

"எதிர் டீம் பசங்க எங்களைப் பார்த்தா குனிஞ்சு வணக்கம் வைக்கிறாங்க. கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, நீங்க முதல்ல போங்க சார்னு நிக்கிறாங்க. என் பசங்களுக்கு மானம் போகுது."

"நீ லேடியை எடு, நான் ஜென்டில்மென்னை எடுக்கிறேன்."

"அது ஸ்கோர் போர்டுல பெயின்ட்ல எழுதியிருக்குக்கா."

"ஏணி இருக்குல்ல?"

இரண்டு வாரம் தாக்குப்பிடித்தான். மூன்றாவது வாரம் எதிரணியில் ஒருவன் அவனுக்கே பூங்கொத்து கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலம் டார்சி ஏணியில் ஏறி லேடியின்மேல் வெள்ளை அடித்தான். நான்தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த புதன்கிழமையிலிருந்து இரண்டு அணிகளும் வெறும் புல்ஸ்.

எல்மரின் கூச்சலெல்லாம் ட்வைலாவுக்குப் பொழுதுபோக்கு. அவளுக்கு நிஜமாகவே வலித்தது டிசம்பரில், கென்ட்ரா பெல்ட்டியே வந்தபோதுதான்.

கென்ட்ரா பெண்கள் அணியின் கோல்கீப்பர். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிற வேலை. பெரிய கைகள், சின்னப் பேச்சு. ஒரு மத்தியானம் பூட்ஸிலிருந்து பனியை உதறிவிட்டு, என்னிடம் ஒரு தட்டு ஃப்ரைஸ் வாங்கிக்கொண்டு மூலை மேஜைக்குப் போனாள். ஃப்ரைஸ் தட்டையும் அந்த வாரப் பேப்பரையும் ட்வைலா முன்னால் வைத்தாள். பாதிப் பக்கத்தில் கென்ட்ராவின் படம்தான் பெரிதாக இருந்தது.

"வேலை செய்யிற இடத்துல இப்ப என் பேரு என்ன தெரியுமா? அரைப்பக்கம். அரைப்பக்கம், அந்த லாரியைப் பாரு. அரைப்பக்கம், காப்பி வேணுமா."

"பொறாமை பிடிச்சவனுங்க."

"அது போகட்டும். எனக்கே தெரியல, அதான் கேக்குறேன். நான் நல்லா ஆடினேன்னு போட்டீங்களா, இல்ல ஸ்கேல்ல இடம் மிச்சம் இருந்துச்சுன்னு போட்டீங்களா?"

ட்வைலா பேனாவைக் கீழே வைத்தாள். "ஸ்கேல் இருந்ததாலதான் ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து வந்தேன். வந்ததாலதான் நீ ஆடினதைப் பார்த்தேன். பார்த்ததாலதான் போட்டேன்."

"அப்ப ஸ்கேல்தான்."

"ஆரம்பிச்சது ஸ்கேல்தான். அதை மறைக்க மாட்டேன்."

"தர்மத்துக்குக் குடுத்த மாதிரி இருக்கு ட்வைலா. எனக்கு வேண்டாம். ஏப்ரல்ல க்ளென் கேட்டா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்."

ஃப்ரைஸைத் தொடாமலே போய்விட்டாள். ட்வைலா அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இருந்தாலும் பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. புது வருடம் பிறந்ததும் எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, ஆட்டத்தின் கடைசிப் பகுதியையாவது பார்க்கலாமே என்றார். அவர் பின்னாலேயே சபையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரியில் ஆண்கள் அணி மாகாணப் போட்டியின் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. கடைசி ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் சுலபமாகத் தடுக்கக்கூடிய கோல் ஒன்றை விட்டுவிட்டான். விட்டது அவன் தவறு என்று ட்வைலா பெயர் போட்டே எழுதினாள். பெண்கள் அணியோ ஜெயித்துக்கொண்டே போனது. எல்மருக்கு ஒரே குஷி.

"இனிமே என்ன பண்ணுவே? ஆம்பளைங்களுக்கு ஆட்டமே இல்லையே. பாதிப் பக்கத்துக்கு எங்க போவே? ஸ்கேலை உடைச்சு அடுப்புல வை."

ட்வைலா கேன்டீனைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை எல்மரின் மேஜையில் வந்து நின்றது. அங்கே தினமும் காப்பிக்கு அப்புறம் கிரிப் சீட்டாட்டம் நடக்கும்.

அந்தப் புதன்கிழமை வந்த பாதிப் பக்கத்தை நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். "ஆண்கள் கிரிப்: ஃப்ரீசன் போராடித் தோல்வி. ஐந்து பேரக்குழந்தைகளின் தாத்தாவான எல்மர் ஃப்ரீசன், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும் ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கி வருகிறார். பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் வந்த அவர், வயதுக்கு மீறிய பொலிவுடன் காணப்பட்டார். மனைவியின் ஆதரவு இல்லாமல் இது சாத்தியமில்லை என்று புன்னகையுடன் கூறினார்." மேலே எல்மரின் படம், சீட்டுகளோடு.

தொப்பி இறங்கும் என்று நான் காத்திருந்தேன். எல்மர் முழுவதையும் உதட்டை அசைத்துப் படித்தார்.

"சட்டை பச்சை இல்ல, நீலம்."

"திருத்தம் போட்டுடலாம்," என்றாள் ட்வைலா.

"பொலிவுன்னு போட்டது இருக்கட்டும். இன்னும் நாலஞ்சு பேப்பர் கிடைக்குமா? கால்கரியில பொண்ணுக்கு அனுப்பணும்."

அடுத்த வாரம் அந்த மேஜை முழுக்க முடிவெட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தது. ஒருவர் மீசைக்கு மை கூடப் போட்டிருந்தார். மார்ச் முழுவதும் ஆண்களுக்கான பாதிப் பக்கத்துக்கு அடிபிடி. ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடித்ததெல்லாம் செய்தியானது. ஒருநாள் எல்மர் பேப்பரைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆமா, நான் எப்படி ஆடினேன்னு ஒரு வரி கூட இல்லையே. சட்டையும் பேரப்பிள்ளையும்தான் இருக்கு."

"அப்படியா? பொம்பளைங்க ஆட்டத்தைப் பத்தி எப்பவாவது எழுதினா, இவ்வளவு காலமா அப்படித்தான் எழுதினோம். நீங்க ஒண்ணும் சொல்லலையா, பிடிச்சிருக்கும்னு நெனைச்சேன்."

எல்மர் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து யார் எந்தச் சீட்டை எப்போது இறக்கினார்கள் என்று ட்வைலா ஒழுங்காக எழுத ஆரம்பித்தாள்.

மாகாண இறுதி ஆட்டம் எங்கள் அரங்கத்திலேயே நடந்தது. சனிக்கிழமை ராத்திரி. பெண்கள் அணிக்கு அந்த நேரம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. வெளியே வண்டி நிறுத்த இடமில்லை, உள்ளே ஃப்ரைஸ்மேல் ஊற்றுகிற என் கிரேவி பாதி ஆட்டத்திலேயே தீர்ந்துவிட்டது. கென்ட்ரா அன்றைக்கு ஆடிய ஆட்டம் அப்படி. எதிரணியின் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசி நிமிடம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, தூரத்திலிருந்து எதிரணியில் ஒருத்தி சும்மா தட்டிவிட்ட ரப்பர் வட்டு மெதுவாக வழுக்கிக்கொண்டு வந்து கென்ட்ராவின் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. அந்த ஒரு கோலில் தோற்று, எல்லோரும் போன பிறகும் அவள் ஐஸிலேயே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமைப் பேப்பரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வட்டு கால்களுக்கு நடுவே போகிற அதே நொடிதான் படம். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "பிடிக்கவே முடியாதவற்றைக் கென்ட்ரா பெல்ட்டியே அன்று பிடித்தார். பிடித்திருக்க வேண்டியதை விட்டார். அந்தக் கோல் அவருடைய தவறு. அது அவருக்கும் தெரியும்."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி?" என்றேன். "அந்தப் பொண்ணு இடிஞ்சு போயிருக்கா. ஏற்கெனவே உன்மேல கோபம். இதையா எழுதுவே?"

"பிப்ரவரியில டார்சி டீம் கோல்கீப்பர் விட்டப்ப இதையேதான் எழுதினேன். அப்ப நீ என்னை ஒண்ணும் கேக்கலையே பெர்னிஸ்."

நான் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டேன். ஆனால் அவள் அன்றைக்குப் பெரோகியைத் தொடவேயில்லை.

ஏப்ரலில் க்ளென் பழுப்பாக வந்து இறங்கினார். சனிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் கூட்டம். எல்மரின் மேஜை, டார்சி, பெண்கள் அணி எல்லோரும் இருந்தார்கள். கென்ட்ரா கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"ரொம்ப சந்தோஷம்," என்று க்ளென் ஆரம்பித்தார். "பொண்ணுங்க ஃபைனல் வரைக்கும் வந்துட்டாங்க. ஊரே வந்து பார்த்திருக்கு. இனிமே ஸ்கேல் எதுக்கு? அவங்க திறமையாலயே பேப்பர்ல வந்துடுவாங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ட்வைலா எழுந்து அவர் மேஜைக்குப் போனாள். பின்பாக்கெட்டிலிருந்து ஸ்கேலை எடுத்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"அதை எடுக்கக் கூடாது," என்று ஒரு குரல் வந்தது. எல்மர்.

க்ளென் திகைத்துப் போனார். "நீங்கதானே வாரா வாரம் போன் பண்ணி என் உயிரை வாங்கினீங்க?"

"அது அப்போ. பிப்ரவரிக்கு அப்புறம் இந்த ஊர் ஆம்பளைங்களைக் காப்பாத்தினதே இந்தக் கட்டைதான். இது இல்லைன்னா என் படம் எப்படி வரும்?"

கேன்டீனே சிரித்தது. க்ளென்னும் சிரித்துவிட்டுக் கையைக் காட்டினார். "சரி சரி. ஆடின பொண்ணுங்க என்ன சொல்றாங்க? கென்ட்ரா, நீ சொல்லும்மா."

கென்ட்ரா சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்தாள். அந்தப் படம்தான்.

"டிசம்பர்ல நான் இது வேண்டாம்னு சொன்னேன். தர்மம்னு சொன்னேன். போன வாரம் இதைப் படிச்சுட்டு, ட்வைலாவை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடணும்னு வண்டியை எடுத்தேன். பாதி வழியில ஓரமா நிறுத்தி மறுபடியும் படிச்சேன். தர்மத்துக்கு எழுதுறவங்க இப்படி எழுத மாட்டாங்க. பாவம், பொண்ணு நல்லாப் போராடினான்னு எழுதியிருப்பாங்க."

ட்வைலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம், அதனால ஸ்கேல் வேண்டாங்கிறீங்க க்ளென். நாங்க எங்க ஜெயிச்சோம்? தோத்தோம். டார்சி டீம் பசங்க வருஷா வருஷம் தோத்தாங்க, வருஷா வருஷம் பேப்பர்ல வந்தாங்க. நாங்க மட்டும் ஃபைனலுக்குப் போனாத்தான் வரணுமா? அடுத்த வருஷம் முதல் சுத்துலயே தோத்தா அதையும் எழுதணும். யாரு விட்டான்னு பேர் போட்டு எழுதணும். அது தானா நடக்கிற வரைக்கும் இந்த ஸ்கேல் இருக்கட்டும்."

"அந்த வருஷா வருஷத்தை ஒரு தடவை சொன்னாப் போதாதா?" என்று டார்சி முனகினான்.

க்ளென் ஸ்கேலை விரலால் ட்வைலாவின் பக்கம் தள்ளிவிட்டு, என்னிடம் ஒரு காப்பி கேட்டார். அவ்வளவுதான் முடிவு. ட்வைலா அதை எடுத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள். எனக்கும் அப்போது ஜலதோஷம்தான்.

கூட்டம் கலைந்ததும் கென்ட்ரா என்னிடம் டேப் கேட்டாள். எல்மரின் படத்துக்குப் பக்கத்தில் தன் படத்தையும் ஒட்டினாள், வட்டு கால்களுக்கு நடுவே போகிறபடியே.

"வேலை செய்யிற இடத்துல இன்னும் அரைப்பக்கம்னுதான் கூப்பிடுறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. இப்ப ஓட்டைக்கால்," என்றாள்.

ஒரு பெரிய தட்டு ஃப்ரைஸ் வாங்கிக்கொண்டு போய் ட்வைலாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒன்றைக் கூட மிச்சம் வைக்கவில்லை.